3,000 த்ரெட் எதற்குத் தம்பி, 270 போதும்

தம்பி, உன் கேள்வியை முதலில் என் வார்த்தையில் எழுதிக்கொள்கிறேன், வேறு யாராவது படித்தாலும் விளங்கட்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகும் முன் ஐஸும் டீசலும் சொல்லிவைக்க நீங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆப் செய்திருக்கிறீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. 61 நாள் கரையில் கிடந்த படகெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். அன்றைக்கு சர்வர் தாங்குமா என்று பார்க்க, போலி யூசர்களை அனுப்பிச் சோதிக்கும் ஜேமீட்டர் என்ற கருவியில் 3,000 த்ரெட், அதாவது 3,000 போலி யூசர், போட்டிருக்கிறாய். 8 ஜிபி லேப்டாப்பில் ஓட்டினால் 1,100 வாக்கில் ‘ஜாவா ஹீப் ஸ்பேஸ்’ என்று பிழை காட்டி விழுகிறது (ஹீப் என்பது ஜாவா நிரல் தன் தரவை வைக்கும் மெமரி). மும்பையில் வாடகைக்கு எடுத்த 2 ஜிபி லினக்ஸ் மெஷினில் கையால் ஓட்டினால் 3,000-மும் ஏறிவிடுகிறது. ஆனால் அதே டெஸ்ட்டை ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணி வேலைகளைக் கிளப்பி நடத்தும் நிரல்) சர்வீஸாகப் போட்டால், 2,300-ஐ நெருங்கும்போது ‘நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை’ என்று செத்துவிடுகிறது. ஹீப்பைக் கூட்டிப் பார்த்தாய், மாற்றமில்லை. “காக்கா (அண்ணா), எத்தனை ஜிபி போட்டால் இது தீரும்?” என்று கேட்கிறாய்.

எத்தனை ஜிபி போட்டாலும் தீராது. இரண்டு பிழையும் ‘அவுட் ஆஃப் மெமரி எரர்’ என்ற ஒரே பெயரில் வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம். இரண்டும் வேறு வேறு நோய்.

லேப்டாப்பில் வந்ததை முதலில் பார்ப்போம், அது சுலபம். ஜேமீட்டர் கிளம்பும்போது அதன் ஸ்கிரிப்டில் எழுதியிருக்கும் ஹீப் அளவு 1 ஜிபி. பழைய பதிப்புகளில் 512 எம்பிதான் இருந்தது. உன் லேப்டாப்பில் 8 ஜிபி இருக்கிறதே என்றால், ஜாவாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, சொன்ன 1 ஜிபியைத் தாண்டாது. நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஜேமீட்டரின் ஜன்னல் திறந்திருக்கிறது, ஓரத்தில் ‘வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ’ வேறு பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வந்த பதில்களை முழுசாக மெமரியில் வைத்துக்கொண்டு உனக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. டெஸ்ட்டை எழுதும்போது பிழை பார்க்க அது தேவை, லோடு கொடுக்கும்போது அதை எடுத்துவிட வேண்டும், இரண்டாம் பேச்சே கிடையாது. ஜன்னல் இல்லாமல் கமாண்ட் லைனில் ஓட்டு, முடிவுகளை சிஎஸ்வி கோப்பில் எழுதவிடு, எக்ஸ்எம்எல் வேண்டாம். இதையெல்லாம் ஜேமீட்டரின் கையேடே தலையில் அடித்துச் சொல்கிறது, யாரும் படிப்பதில்லை, நானும் முதல் இரண்டு வருஷம் படிக்கவில்லை.

இன்னும் ஒன்று: உன் ஆப்பில் மீன் படங்கள் வருகின்றன அல்லவா? ஒவ்வொரு த்ரெட்டும் பதிலின் முழு உடலையும் கொஞ்ச நேரமாவது ஹீப்பில் பிடித்து வைத்திருக்கும். 2 எம்பி படம், ஒரே நேரத்தில் 1,000 பேர், அதுவே 2 ஜிபி. படத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று நீ சோதிக்கப் போவதில்லை என்றால், பதிலை எம்டி5 ஹாஷாக (பதிலைச் சுருக்கிய சின்ன அடையாளக் குறி) மட்டும் வைத்துக்கொள்ளும்படி அந்த சாம்ப்ளரிலேயே (ஜேமீட்டரில் கேள்வி அனுப்பும் உறுப்பு) ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடு. கேஷ் மேனேஜர் (பிரௌசர் மாதிரி, வந்ததைச் சேமித்து வைக்கும் உறுப்பு) போட்டிருந்தால் அதன் உச்ச எண்ணிக்கையையும் பார். தானாக 5,000 என்று இருக்கும், அதுவும் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாக.

சரி, இப்போது மும்பை மெஷின். இதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜேமீட்டரில் ஒரு யூசர் என்றால் ஒரு ஜாவா த்ரெட். லினக்ஸில் ஒரு சாதாரண ஜாவா த்ரெட் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு த்ரெட், ஒன்றுக்கு ஒன்று. அதன் ஸ்டாக் (த்ரெட் தன் வேலைக் குறிப்பை வைக்கும் மெமரி) ஹீப்புக்குள் இருக்காது, வெளியே இருக்கும். 64 பிட் லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்கு 1 எம்பி. இங்கேதான் நிறையப் பேர் 3,000-ஐ 1 எம்பியால் பெருக்கி ‘ஐயோ 3 ஜிபி, என்னிடம் 2 ஜிபிதானே’ என்று பயப்படுகிறார்கள். அந்த 1 எம்பி, ஒதுக்கிவைத்த முகவரி மட்டும். த்ரெட் தொட்ட பக்கங்களுக்குத்தான் உண்மையான ராம் செலவாகும், அது பெரும்பாலும் அதில் சின்னப் பங்குதான். டாப் கமாண்டில் ‘விர்ட்’ (ஒதுக்கிய முகவரி) என்ற பத்தியைப் பார்த்து மிரளாதே, ‘ரெஸ்’ (உண்மையான ராம்) பத்தியைப் பார். கையால் ஓட்டும்போது அதே 2 ஜிபி மெஷினில் 3,000 ஏறியதே, அதுவே சாட்சி. 32 பிட் காலத்தில் முகவரியே 4 ஜிபிதான், அதனால் இரண்டாயிரம் மூவாயிரம் த்ரெட்டில் உண்மையாகவே முட்டும். அந்தக் காலத்து அறிவுரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் 2,300-ல் யார் தடுக்கிறார்கள்? லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) தன்னிடம் இருக்கும் ராமைப் பார்த்து, மொத்தம் எத்தனை த்ரெட் வரை அனுமதிக்கலாம் என்று ஒரு எண்ணைத் தானே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். 2 ஜிபி மெஷினில் அது பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரும். சிஸ்டம்டி அந்த எண்ணில் 15 சதவீதத்தை ஒவ்வொரு சர்வீஸுக்கும் வரம்பாக வைக்கிறது. பதினைந்தாயிரத்துச் சொச்சத்தில் 15 சதவீதம் எவ்வளவு, போட்டுப் பார், 2,300 பக்கத்தில் வரும். நீ எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினில் லாகின் செய்யும் முறை) வழியாக உள்ளே போய்க் கையால் ஓட்டும்போது நீ சர்வீஸ் இல்லை, லாகின் செய்த ஆள், உனக்கு 33 சதவீதம், ஐயாயிரம் பக்கம். அதனால்தான் 3,000 ஏறியது. சந்தேகம் இருந்தால் சர்வீஸ் ஓடும்போது சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டுப் பார், ‘டாஸ்க்ஸ்’ என்று ஒரு வரியில் இப்போதைய எண்ணும், பக்கத்திலேயே வரம்பும் இருக்கும். விழுந்த பிறகு கெர்னல் லாகில் ‘பிட்ஸ் கண்ட்ரோலர் ஃபோர்க்கை மறுத்தது’ என்கிற பொருளில், அதாவது புது த்ரெட்டை அனுமதிக்கவில்லை என்று, ஒரு வரி கிடக்கும். சர்வீஸ் கோப்பில் ‘டாஸ்க்ஸ்மேக்ஸ்’ என்ற ஒரு வரியைச் சேர்த்து ‘இன்ஃபினிட்டி’ என்று கொடுத்தால் பிழை போய்விடும்.

பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், அது நின்றுவிட்டால் சுற்றுலா வந்தவர்கள் பாலம் பாரம் தாங்கவில்லை போல என்று பேசிக்கொள்வார்கள். நமக்குத் தெரியும், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, பாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று வந்தவுடன் ராமைக் கூட்ட ஓடுவதும் அந்தச் சுற்றுலாக்காரர்கள் பேச்சு மாதிரிதான்.

இதே வகையில் இன்னும் சில தடுப்புகள் இருக்கின்றன, ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். ஒரு யூசருக்கு இத்தனை ப்ராசஸ் என்று யூலிமிட்டில் ஒரு வரம்பு உண்டு, லினக்ஸ் அதில் த்ரெட்டையும் சேர்த்துத்தான் எண்ணும். ஒரு ப்ராசஸ் வைத்துக்கொள்ளக்கூடிய மெமரி மேப் (முகவரித் துண்டு) எண்ணிக்கை பொதுவாக 65,530, ஒரு த்ரெட்டுக்கு ஸ்டாக்கும் அதன் காவல் பக்கமுமாக இரண்டு போகும், ஆகவே முப்பதாயிரத்துச் சொச்சத்தில் அது முட்டும், உனக்கு அந்தக் கவலையில்லை. திறந்த ஃபைல் வரம்பு 1,024 என்று பலரும் பயமுறுத்துவார்கள். ஜாவா கிளம்பும்போதே அதைத் தனக்கு அனுமதித்த உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும், மற்ற கருவிகளில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டி, ஜாவா எந்தப் பிழையும் எழுதாமல் 137 என்ற எண்ணோடு செத்தால், மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஹீப்பைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் சாகும், குறைக்க வேண்டும்.

போர்ட் (இணைப்புக்கு மெஷின் தரும் வாசல் எண்) கணக்கு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. லினக்ஸில் வெளியே போகும் இணைப்புகளுக்கு 32,768 முதல் 60,999 வரை, மொத்தம் 28,232 போர்ட். மூடிய இணைப்பு ஒன்று ‘டைம் வெயிட்’ நிலையில் 60 செகண்ட் கிடக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் (ரிக்வெஸ்ட்) புது இணைப்பு திறந்து மூடினால், ஒரு மெஷினிலிருந்து ஒரே சர்வர் போர்ட்டுக்கு செகண்டுக்கு சுமார் 470-க்கு மேல் போக முடியாது. அதற்கு மேல் வரும் பிழை சர்வருடையது இல்லை, உன்னுடையது. கீப் அலைவ் (திறந்த இணைப்பையே திரும்பப் பயன்படுத்துவது) டிக் போட்டிருக்கிறதா என்று பார்.

நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் டாஸ்க்ஸ்மேக்ஸைத் திறந்துவிட்டு 3,000 த்ரெட்டை ஓட்டிவிடாதே. அந்த 3,000 எங்கிருந்து வந்தது? உங்களுக்கு வேலை கொடுத்தவர் ‘குறைந்தது 3,000 கன்கரண்ட் யூசர்’ என்று எழுதிக் கொடுத்தார் என்கிறாய். அவரிடம் இருக்கும் படகுக்காரர்கள் எத்தனை பேர்? நீயே எழுதியிருக்கிறாய், பதிவு செய்தவர்கள் 900. 900 பேர் எப்படித் தம்பி 3,000 பேராக ஒரே நேரத்தில் வருவார்கள்?

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை என்பது, செகண்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்பதால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான். டீக்கடைக்கும் பொருந்தும், டேட்டாபேஸுக்கும் பொருந்தும். இப்போது மோசமான நிலையை வைத்துக்கொள்வோம். டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி பரவுகிறது, 900 பேரும் 5 நிமிஷத்துக்குள் ஆப்பைத் திறக்கிறார்கள். 300 செகண்டில் 900 பேர், செகண்டுக்கு 3 பேர். ஐஸ் எத்தனை, டீசல் எத்தனை, எந்த ஜெட்டி என்று தட்டி முடிக்க ஒருவருக்கு 90 செகண்ட். 3-ஐ 90-ஆல் பெருக்கினால் 270. ஒருவர் 12 கேள்வி அனுப்புகிறார் என்றால் சர்வருக்குப் போவது செகண்டுக்கு 36. உன் டெஸ்ட்டில் டைமர் எதுவும் இல்லை. 3,000 த்ரெட், 0.2 செகண்டில் பதில் வந்தால், செகண்டுக்கு 15,000 கேள்வி அடிக்கிறாய். தேவையைப் போல 400 மடங்கு. இதில் சர்வர் விழுந்தால் உனக்கு என்ன தெரிந்தது?

ஆகவே 270 த்ரெட், கேள்விகளுக்கு நடுவே சராசரி 7 செகண்ட் இடைவெளி, அதுவும் ஒரே அளவாக இல்லாமல் முன்பின்னாக வரும்படி ரேண்டம் டைமர், ஏற 5 நிமிஷம். அப்புறம் பாதுகாப்புக்கு 540 வைத்து ஒருமுறை. இதற்கு மும்பை மெஷினே தேவையில்லை, உன் லேப்டாப்புக்கே வேலை கம்மி. ஆனால் வீட்டு ப்ராட்பேண்டிலிருந்து ஓட்டாதே, அந்தச் சின்ன ரௌட்டர்தான் முதலில் திணறும். வேலை கொடுத்தவரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டு, ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் 3,000-ஐயும் ஓட்டி ஒரு படம் கொடுத்துவிடு, பில் வர வேண்டும் இல்லையா.

இப்போது எதிர்ப்பக்கம். சர்வரை ஸ்ப்ரிங் பூட்டில் (ஜாவாவில் சர்வர் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதியிருப்பதாகச் சொன்னாய். உள்ளே இருக்கும் டாம்கேட்டில் (வரும் கேள்விகளை வாங்கும் நிரல்) தானாக வருவது 200 த்ரெட். டேட்டாபேஸுக்குப் போகும் ஹிகாரி பூலில் (தயாராகத் திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பு) தானாக வருவது 10 இணைப்பு. ஜெட்டியில் 200 படகு கட்ட இடம் இருக்கிறது, ஐஸ் உடைக்கும் மெஷின் 10 என்று வைத்துக்கொள். கடலில் 3,000 படகு நின்றாலும் 300 நின்றாலும் ஐஸ் ஏறும் வேகம் அந்தப் பத்து மெஷினின் வேகம்தான். ஒரு இணைப்பு 50 மில்லி செகண்ட் பிடித்திருந்தால் செகண்டுக்கு 200 வேலை நடக்கும், தாராளம். ஆனால் நீ ஆர்டரைச் சேமித்துவிட்டு, அதே ட்ரான்சாக்ஷனுக்குள்ளேயே (டேட்டாபேஸ் இணைப்பைப் பிடித்திருக்கும் வேலைத் தொகுதி), எஸ்எம்எஸ் அனுப்பும் வெளிச் சேவையான எஸ்எம்எஸ் கேட்வேயைக் கூப்பிடுகிறாய். அது 1.5 செகண்ட் எடுத்தால், இணைப்பும் 1.5 செகண்ட் சும்மா மாட்டிக்கொண்டு நிற்கும். 10-ஐ 1.5-ஆல் வகுத்தால் செகண்டுக்கு 6 ஆர்டர் சொச்சம். உனக்கு வேண்டியது 3, இன்றைக்குப் பரவாயில்லை. ஜூன் 14 அன்று கேட்வே மந்தமாகி 5 செகண்ட் எடுத்தால்? செகண்டுக்கு 2. வருவது 3, போவது 2, வரிசை நீண்டுகொண்டே போகும். ஐஸ் விலையைப் பார்க்க வந்தவனும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஹிகாரி 30 செகண்ட் காத்திருந்துவிட்டுப் பிழையைத் தூக்கி எறியும். உன் ரிப்போர்ட்டில் 30,000 மில்லி செகண்டைத் தாண்டி ஒரே கொத்தாகத் தோல்விகள் தெரிந்தால், வேறெங்கும் தேடாதே. எஸ்எம்எஸ்ஸை ட்ரான்சாக்ஷனுக்கு வெளியே எடு, பின்னால் ஒரு க்யூவில் போடு. பூலை 100 ஆக்குகிறேன் என்று கிளம்பிவிடாதே, போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸ் தானாக அனுமதிப்பதே மொத்தம் 100 இணைப்புதான், ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ்.

இதை நீ கண்டுபிடிக்க 3,000 த்ரெட் தேவைப்படவில்லை பார். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக 5 செகண்ட் தூங்கும் ஒரு போலி கேட்வே வைத்து 270 பேரை அனுப்பினால் போதும், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். நான் சென்னையில் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், சர்வர் பதில் சொல்ல 8 செகண்ட் ஆகிறது என்று லோடு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தோம். கொடுத்தது நான்தான். இரண்டு பெரிய சர்வர் வாங்கினார்கள். மறுபடி ஓட்டினோம், அதே 8 செகண்ட். சர்வர் சிபியு 15 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. லோடு கொடுத்த மெஷினில் ஹீப் நிரம்பி, ஜாவா ஓயாமல் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தது, அதாவது பயன்படாத மெமரியை விடுவித்துக்கொண்டிருந்தது. பதில் வந்து சாக்கெட்டில் காத்துக்கிடக்க, அதை எடுத்து நேரம் குறிக்கவேண்டிய த்ரெட் உறைந்து நின்றிருந்தது. அந்த நேரத்தையும் சேர்த்து சர்வர் தலையில் எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரிய லோடு ஓடும்போது, வேறொரு மெஷினிலிருந்து ஒற்றை த்ரெட், 2 செகண்டுக்கு ஒரு கேள்வி, சாட்சியாக ஓடும். பெரிய மெஷின் 4 செகண்ட் என்கிறது, சாட்சி 300 மில்லி செகண்ட் என்கிறது என்றால் பெரிய மெஷின்தான் பொய் சொல்கிறது. இரண்டும் 4 என்றால் சர்வர்தான். செலவில்லாத வேலை, ஆனால் செய்பவர்களை அதிகம் பார்த்ததில்லை. லோடு மெஷினின் சிபியு 70 சதவீதத்தைத் தாண்டினாலும் அந்த எண்களை நம்பமாட்டேன். அமேசானின் டி வகை மெஷின் எடுத்திருந்தால் இன்னும் கவனம், அதில் சிபியு க்ரெடிட் (சேர்த்துவைத்த வேக ஒதுக்கீடு) தீர்ந்தால் பாதி டெஸ்ட்டில் வேகம் இறங்கிவிடலாம். லேப்டாப்பும் அப்படித்தான், நம் ஊர் உப்புக்காற்றில் ஃபேன் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டு, சூடேறிப் ப்ராசசர் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். என்னுடையதை ஆறு மாசத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன்.

சராசரி எண்ணையும் அப்படியே நம்பாதே. ஒரு த்ரெட் செகண்டுக்கு ஒரு கேள்வி வீதம் 10 நிமிஷம் ஓடுகிறது, மொத்தம் 600. நடுவில் சர்வர் 60 செகண்ட் உறைந்துவிட்டது. த்ரெட் பதிலுக்காகக் காத்து நிற்கும், அந்த நேரத்தில் வேறு எதையும் அனுப்பாது. ரிப்போர்ட்டில் 540 வேகமான பதில், ஒரே ஒரு 60 செகண்ட் பதில். 99 சதவீதம் பேருக்குப் பிரமாதம் என்று எழுதுவாய். ஆனால் நிஜத்தில் அந்த ஒரு நிமிஷத்தில் 60 பேர் வந்திருப்பார்கள், அவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள், பத்தில் ஒருவர். ஜாவா வல்லுநர் கில் டெனே இதற்கு ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்தார். ஜேமீட்டர் 5.5-லிருந்து ‘ஓப்பன் மாடல் த்ரெட் குரூப்’ இருக்கிறது, அதில் செகண்டுக்கு 3 பேர் வரட்டும் என்று சொல்லலாம், முன்னால் வந்தவர் முடித்தாரா இல்லையா என்று பார்க்காமல் அடுத்தவர் வருவார். உன் தேவைக்கு அதுதான் பொருத்தம்.

அப்படி ஓட்டும்போது சர்வர் உறைந்தால் த்ரெட் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். அப்போதுதான் டாஸ்க்ஸ்மேக்ஸ் உனக்கு உண்மையாகவே பயன்படும், ஆகவே அந்த வரியை எழுதியே வை.

ஜாவா 21 போட்டால் விர்ச்சுவல் த்ரெட் (ஆபரேட்டிங் சிஸ்டம் த்ரெட்டோடு ஒன்றுக்கு ஒன்று கட்டாத இலகுவான த்ரெட்) வந்துவிடாதா என்று கடைசியில் கேட்டிருந்தாய். ஜாவாவை மாற்றினால் மட்டும் ஜேமீட்டரின் த்ரெட்கள் விர்ச்சுவலாக மாறாது, அந்த நிரலை அப்படி எழுதியிருக்க வேண்டும். ஒரு மெஷினிலிருந்து உண்மையிலேயே பத்தாயிரக்கணக்கில் யூசர் வேண்டுமென்றால் ஒரு யூசருக்கு ஒரு த்ரெட் வைக்காத கருவி பார்க்கலாம், கேட்லிங் அப்படிப்பட்டது. கே6 என்ற கருவியும் த்ரெட் கணக்கில் மாட்டாது, ஆனால் யூசருக்கு ஒன்றிரண்டு எம்பியாவது ராம் கேட்கும். 270 பேருக்கு எதையும் மாற்றத் தேவையில்லை.

ஆப்பின் ரீட்ரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. பதில் வராவிட்டால் 5 செகண்டில் திரும்பக் கேட்கும்படி இருந்தால், ஜெட்டியில் சிக்னல் இழுக்கும்போது ஒரே ஆர்டர் நான்கு முறை விழும், செகண்டுக்கு 36 என்று நான் போட்ட கணக்கும் கெடும். அந்தப் பகுதியின் நிரலை அனுப்பு. 270-ஐ ஓட்டிய சிஎஸ்வியும் சாட்சி த்ரெட்டின் சிஎஸ்வியும் சேர்த்து அனுப்பு, ஜூன் முதல் வாரம் நான் கீழக்கரையில் இருக்கமாட்டேன், அதற்குள் வந்தால் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.